ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் சத்தம் வெளியே போன விவகாரம்

எங்கள் தொழிற்சாலையிலிருந்து எந்தப் பொருளும் கேட் பாஸ் இல்லாமல் வெளியே போகக் கூடாது. ஒரகடம் வட்டாரத்தில் எல்லாத் தொழிற்சாலைகளிலும் இதுதான் சட்டம் என்றாலும், எங்கள் இடத்தில் அதைப் பயபக்தியோடு கடைப்பிடித்து வந்தோம். போன பொருள் திரும்பி வரும் என்றால் மஞ்சள் தாள், வராது என்றால் வெள்ளைத் தாள். ரிப்பேருக்குப் போகும் மோட்டாருக்கு மஞ்சள், கழிவு இரும்புக்கு வெள்ளை. எம்.டி. பிறந்த நாள் கேக்கில் மீந்த துண்டை ஒரு அதிகாரி வீட்டுக்கு எடுத்துப் போனபோது, எந்தத் தாள் கொடுப்பது என்று அரை மணி நேரம் ஆலோசித்து வெள்ளைத் தாள் கொடுத்தோம்.

'கொடுத்தோம்' என்று உரிமையோடு சொல்லக் காரணம், நான் அங்கே வருகைப் பதிவும் கேட் பாஸும் பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க். பெயர் தசரதன், ஊர் வல்லக்கோட்டை. என் மேஜைக்கும், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். தொழிற்சாலையில் நடக்கும் எல்லா விசாரணைக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஆகவே நான் சொல்லப்போவது வதந்தி இல்லை, ஆவணம்.

இரண்டாயிரத்துப் பதினாலில் பேச்சிராஜ் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் டிரெய்னியாக இருந்தான். சங்கரன்கோவில் பக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவன், சுங்குவார்சத்திரத்தில் ஒரு ரூமில் ஏழு பேரோடு ஷிப்டு முறையில் படுத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிவிட்டான். அவனோடு சேர்ந்தவர்கள் நாற்பது பேர். அதில் முப்பத்தைந்து பேர் 'பயிற்சி வெற்றிகரமாக நிறைவு பெற்று' ஊருக்குப் போய்விட்டார்கள். மீதி ஐந்து பேருக்கு நவம்பர் பதினைந்தில் பர்மனென்ட் ஆர்டர் வரவேண்டும். பட்டியலில் பேச்சிராஜ் பெயர் மூன்றாவது. எங்கள் பக்கத்தில் பர்மனென்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்கள், பெண் கேட்கப் போய்ப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பில் ஹிப்-ஹாப் பாட்டுக்குத் தாளம் செய்வான். தாளத்துக்கு வேண்டிய சத்தங்களும் இன்டர்நெட்டில் இலவசம். ஆக, மொத்தத் தொழிலுக்கும் முதலீடு அவனுடைய தூக்கம் மட்டும்தான்.

அந்த வருஷம் எச்.ஆர். மேனேஜர் சந்திரலேகா மேடம் பெங்களூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் 'இளைஞர் ஈடுபாடு' என்ற ஒன்றோடு திரும்பி வந்தார். அதற்கு முந்தின வருஷம் யோகா, அதற்கும் முந்தின வருஷம் சிரிப்பு கிளப். இந்த வருஷம் ராப். ஆயுத பூஜைக்கு ஒரு ராப் பாட்டு வேண்டும், பாதுகாப்பும் தரமும் அதில் வலியுறுத்தப்பட வேண்டும் என்று பேச்சிராஜுக்கு உத்தரவு வந்தது. பையன் பாவம், பூரித்துப் போனான்.

ஆயுத பூஜை அன்று மெஷின் எல்லாம் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தோம். தொழிற்சாலையில் அப்படி ஒரு நிசப்தம் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். பட்டுப் புடவை கட்டி, தலையில் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு சந்திரலேகா மேடம் மேடைக்கு வந்தார். "யோ!" என்றார். பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு ஆரம்பித்தது.

டக்... ஸ்ஸ்ஸ்... டம்!

செக்யூரிட்டி ஆபீசர் நரசிம்மன் சார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "பூஜை அன்னிக்கு எவன்யா மெஷின ஓட்றது?" என்று கத்திக்கொண்டு நாலு காவலாளிகளோடு பிரஸ் ஷாப்புக்கு ஓடினார். ஏழாம் நம்பர் பிரஸ் மாலையும் கழுத்துமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஆனால் வெளியே அதன் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடியும் வரை கூட அவர் பொறுக்கவில்லை, வந்து பேச்சிராஜைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம மெஷின் சத்தம் ஒங்கிட்ட எப்டி வந்துச்சு?"

"போன்ல ரெக்கார்டு பண்ணுனேன் சார்."

"போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டித்தானே உள்ள வுட்றோம்?"

"ஸ்டிக்கர் அப்படியேதான் சார் இருக்கு. மைக்குல ஒட்டலையே."

மறுநாள் முதல் கேட்டில் மைக்குக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அது தெரியாமல் எம்.டி. நாள் முழுக்க ஜப்பானுக்கு ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு, டெலிபோன் கம்பெனியைத் திட்டினார்.

மூன்றாம் நாள் பேச்சிராஜுக்கு மெமோ போயிற்று. டைப் அடித்தவன் நான்தான். 'தாங்கள் ஏழாம் எண் பிரஸ்ஸின் ஒலியில் மூன்று வினாடி அளவினை, உரிய கேட் பாஸ் ஏதுமின்றி, உள்நோக்கத்துடன் வெளியே கொண்டு சென்று, நிறுவனத்தின் சொத்துக்கு ஊறு விளைவித்துள்ளீர்கள்.' கடைசி வரியில், விசாரணை முடியும் வரை பர்மனென்ட் ஆர்டர் நிறுத்தி வைக்கப்படும் என்றிருந்தது. அந்த வரியை அடிக்க மனசு வரவில்லை. ஆனாலும் பிழையில்லாமல் அடித்தேன்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நரசிம்மன் சார், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் காசிராஜன், தொப்பியைக் கழற்றிவிட்ட சந்திரலேகா மேடம்.

"எடுத்ததை ஒத்துக்கிறியா?" என்றார் நரசிம்மன்.

"ரெக்கார்டு பண்ணுனேன் சார். ஆனா எடுக்கலையே. மெஷின்ல சத்தம் அப்படியேதான் இருக்கு."

காசிராஜன் குறுக்கே வந்தார். "எடுத்தும் குறையலன்னா அது இன்னும் டேஞ்சர் சார். ஸ்டாக் எடுக்கறப்போ கண்டே புடிக்க முடியாது."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

"இந்த மியூசிக்கோட பேக்ரவுண்ட் என்ன? ஃபைல்ல இருக்கணும்," என்றார் மேடம்.

பேச்சிராஜ் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்க்க வேண்டும். தன்னை விசாரிக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டான். நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்று ஒரு பக்கம், அங்கே பழைய இசைத்தட்டில் டிரம் மட்டும் அடிக்கிற சில வினாடிகளை, ஒரே தட்டு இரண்டு வைத்து மாற்றி மாற்றி ஓட்டி ஜனங்களை ஆட வைத்தார்கள், அதன் மேல் ஒருவர் பேசினார், அதுதான் ஆரம்பம் என்றான். பிறகு சத்தத்தைத் துண்டு துண்டாகப் பிடித்து வைக்கிற மெஷின் வந்தது. ஒரே ஆல்பத்தில் நூறு இடத்துச் சத்தத்தை ஒட்டுப் போட்டார்கள். அப்புறம் கோர்ட்டில் கேஸ் வந்தது, அனுமதி வாங்காமல் எடுக்கக் கூடாது என்றார்கள். அனுமதி வாங்க வழியில்லாதவர்களுக்காகச் சில புண்ணியவான்கள் தாங்களே வாசித்து இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டார்கள். எந்த வருஷம் எந்த ஆல்பம் என்று இருபது நிமிஷம் சொன்னான். ஐந்து பக்கம் எழுதினேன். விசாரணைக் குறிப்பு எழுதி நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

நரசிம்மன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப பரம்பரையாவே அடுத்தவன் சத்தத்துல கை வைக்கிற கூட்டம். எழுதிக்கய்யா."

எழுதிக்கொண்டேன்.

"ஃப்ரீயா கிடைக்கிறதை மட்டும் யூஸ் பண்ணிருக்கலாமே?" என்றார் மேடம், கொஞ்சம் இரக்கத்தோடு.

"அது எல்லார்ட்டயும் இருக்கு மேடம். நான் போடுத டிரம்மத்தான் பிரேசில்ல ஒருத்தனும் போடுதான். எனக்குன்னு ஒரு சத்தம் வேணும்லா? ரெண்டு வருசமா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நான் கேக்கது இது ஒண்ணுதான்."

குழு கலந்தாலோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. சத்தம் திரும்பி வரக்கூடிய பொருளே. ஆகவே முன்தேதியிட்டு மஞ்சள் தாள் போடலாம். பேச்சிராஜ் சத்தத்தை ஸ்டோர்ஸில் ஒப்படைத்தால் விசாரணை முடிந்தது. அவன் ஓடிப்போய்ப் போனைக் கொண்டுவந்தான். காசிராஜன் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று ஸ்டாப் வாட்சைப் பிடித்தார். டக்... ஸ்ஸ்ஸ்... டம்.

"ஆறு செகண்டு வருது. போனது மூணுதானே?"

"பாட்டுக்காகப் பாதி வேகத்துல வச்சேன் சார். அதான் நீண்டுட்டு."

"போன மாதிரியே வரணும்பா. கூட வர்ற மூணு செகண்டை நான் எந்த ரேக்ல வைக்கிறது?"

பழைய மூன்று வினாடியை, போனில் இடம் பற்றவில்லை என்று அவன் அழித்திருந்தான். புதிதாக ஒன்று பதிவு செய்து தருகிறேன் என்றான். அதற்கு இன்னொரு தடவை சத்தத்தை எடுக்க வேண்டும், அது இரண்டாவது குற்றம். மைக்கில் ஸ்டிக்கர் வேறு.

நவம்பர் பதினைந்து வந்தது. நாலு ஆர்டர் அடித்தேன். சாயங்காலம் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பேச்சிராஜ் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"எங்க அம்மை நேத்தே கோயில்ல பொங்கல் வச்சிட்டா அண்ணாச்சி. ஆர்டர் வந்துட்டுன்னு ஊர் பூரா சொல்லிட்டா. நான் என்னன்னு போன் பண்ண?"

அவன் டீக்கும் சேர்த்து நான் காசு கொடுத்தேன். பக்கத்தில் நின்ற ஐயனார் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார். பிரஸ் ஷாப்பில் ஏழு வருஷ சர்வீஸ், மணிமங்கலத்துக்காரர், அதிகம் பேசாதவர். அடுத்த திங்கட்கிழமை அவர் எச்.ஆர். அறையில் ஒரு மனுவோடு நின்றார்.

"இன்னாது இது?" என்றார் நரசிம்மன்.

"மன்னிப்புக் கடிதாசி சார். பிரஸ் ஷாப்ல நாங்க இருநூத்திப் பன்னெண்டு பேரும் தப்புப் பண்ணிக்கினு கீறோம்."

"என்ன தப்பு?"

"ஷிப்டு முடிச்சி வூட்டுக்குப் போனா காதுல ஊன்னு ஒரே சத்தம் சார். சோறு துன்றப்பவும் கீது, படுக்கறப்பவும் கீது. அது கம்பெனி சத்தந்தானே? கேட் பாஸ் இல்லாம ஏழு வருசமா எடுத்துக்கினு போறோம். தயவு பண்ணித் திருப்பி எடுத்துக்கோங்க."

நரசிம்மன் சாருக்கு முதலில் தாங்க முடியாத ஆனந்தம். இருநூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் தாள் எடுத்துவரச் சொல்லிவிட்டார். சந்திரலேகா மேடம்தான் மனுவை இரண்டாம் தடவை படித்துவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் காதுக்கும் நஷ்டஈடு என்று கணக்குப் போட்டு வெளுத்துப்போய், தலைமை அலுவலகத்து வக்கீலுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். எங்கள் கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்ததற்குப் பதினோரு மாதம் கழித்துப் பதில் போட்ட அலுவலகம், இதற்கு ஐம்பது நிமிஷத்தில் சுற்றறிக்கை அனுப்பியது.

'பிரஸ் ஷாப்பில் ஒலி ஏதும் எழுவதில்லை என்பது இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது. எழாத ஒலியை எவரும் வெளியே கொண்டு செல்ல இயலாது. ஆகவே இது தொடர்பான விசாரணைகள் அனைத்தும் முடித்து வைக்கப்படுகின்றன. மேற்படி உண்மையைத் தாங்கள் அறிவதாகத் தொழிலாளர் அனைவரிடமும் கையொப்பம் பெறவும். ஒருவர் விடுபட்டாலும் விசாரணை தொடரும்.'

கையெழுத்து வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். பிரஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால், 'இங்கே சத்தம் ஏதும் எழுவதில்லை' என்பதை ஒவ்வொருவர் காதிலும் வாய் வைத்துக் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. நாற்பதாவது ஆளுக்குள் என் தொண்டை போய்விட்டது.

பேச்சிராஜ் பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கினான். "இது பொய்யில்லா அண்ணாச்சி?"

ஐயனார் அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கித் தான் முதலில் போட்டார். "போட்றா ராஜா. ஒங்கம்மா பொங்கல் வச்சிட்டாங்க. அப்பால இன்னாத்துக்கு ரோசனை?"

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் போட்டார்கள். ஒருவர் கூட முனகவில்லை. ஒரு பையனுக்காக இத்தனை பேர் மனசார ஒரு பொய்யில் கையெழுத்திட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இருநூற்றுப் பதின்மூன்றாவதாக நானும் போட்டேன்.

டிசம்பர் முதல் தேதி ஆர்டர் வந்தது. பேச்சிராஜ் பிரஸ் ஷாப் முழுவதற்கும் லட்டு கொடுத்தான். நரசிம்மன் சாருக்கு இரண்டு.

அடுத்த வாரம் ஐயனார் மாதாந்திரக் காதடைப்பான் வாங்க ஸ்டோர்ஸுக்குப் போனார். காசிராஜன் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார்.

"சத்தமே இல்லாத எடத்துக்குக் காதடைப்பான் எதுக்கு? நான் இஷ்யூ பண்ணா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. நீங்கதானே கையெழுத்துப் போட்டுருக்கீங்க?"

போட்டிருந்தோம். ஒரிஜினல் என் பீரோவில்தான் இருந்தது. குழு ஒன்று அமைத்துப் பேசலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

மறு வருஷம் ஆவணி மாதத்தில் பேச்சிராஜ் தன் ஆல்பத்தை முடித்தான். எட்டுப் பாட்டு. இந்தத் தடவை எல்லாமே இலவசச் சத்தம், வம்பே இல்லை. ஹெட்போனைக் கொண்டுவந்து என் காதில் மாட்டினான்.

"தாளத்து மேல ஜால்ரா மாதிரி மெல்லிசா ஒண்ணு வரும் அண்ணாச்சி. கேக்கா? எனக்கு அது காதுல சரியா விழ மாட்டேங்கு. சவுண்டைக் கூட்டிக்கிட்டே போயிருக்கேன்."

கண்ணை மூடிக் கேட்டேன். டம் டம் என்று அடி விழுந்தது, அவன் குரல் வந்தது. ஜால்ரா வரவில்லை. "இன்னும் கொஞ்சம் கூட்டலாம்ப்பா," என்றேன். ஐயனாரும் கேட்டுவிட்டு அதையேதான் சொன்னார். அவன் கூட்டினான்.

இன்டர்நெட்டில் ஏற்றிய மறுநாளே உலகம் முழுவதிலிருந்தும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பாட்டு அருமை, ஆனால் அந்த ஜால்ரா காதைக் கிழிக்கிறது, கேட்கவே முடியவில்லை என்று அத்தனை பேரும் ஒரே புலம்பல். பிரஸ் ஷாப்பில் டீ நேரத்தில் இதைக் கூடிப் பேசினோம். ஆளுக்கு ஒரு தடவை ஹெட்போனை மாட்டிப் பார்த்தோம். கடைசியில் ஐயனார், "எல்லாம் வயித்தெரிச்சல். நம்ம பையன் மேல வந்துட்டான்னு பொறாமை," என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எங்களில் ஒருவருக்குக் கூட அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை.