கொரியாத் தம்பி சொல்லியனுப்பியது

நகரி,
திங்கட்கிழமை.

சிரஞ்சீவி முனிகிருஷ்ணனுக்கு அண்ணன் ஆதிநாராயணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி தாட்சாயணியும் ஏழுமலையான் புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அண்ணன் சமாதானத்துக்கு வந்துவிட்டார் என்று திருப்பதி முழுக்கச் சொல்லிவிடுவாய்.

இந்த வருஷம் பார்த்ததில் பிடித்த படம் எது, தொடர் எது என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் கேட்டிருந்தாயாம். உன் பெண் பிரமிளாவின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை உன் மாமனார் பெயருக்குக் கீழே போட்டதிலிருந்து அந்தக் குரூப்பில் நான் இல்லை. உன் அண்ணி இருக்கிறாள், அவள்தான் காட்டினாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை, அதற்காக மட்டும் இந்தக் கடிதம். தமிழில் எழுதியிருக்கிறேனே என்று வாயைப் பிளக்காதே. நீ திருத்தணியில் அத்தை வீட்டில் தங்கித் தமிழில் படித்தவன், நான் இங்கேயே தெலுங்கில் படித்தவன். இந்த வயதில் நான் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்ட கதை கீழே வரும். ன, ண தப்பாக இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

முதலில் படம். புத்தூரில் ஒரு தெலுங்குப் படம் பார்த்தோம். ஹீரோ தண்டவாளத்தில் நின்று கையை நீட்டியதும் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. தியேட்டரே விசில் அடித்தது. உன் அண்ணி மட்டும், “அந்தாளை நம்ம ஸ்டேஷனுக்கு வந்து கையை நீட்டச் சொல்லு, ஒரு ரயிலும் நிக்காம போய்க்கினே கீது” என்றாள். பிறகு டிவியில் ஒரு மலையாளப் படம். ஒருத்தர் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் தேடி அலைகிறார். மழை பெய்கிறது. தாழ்ப்பாள் கிடைக்கிறது, படம் முடிந்துவிடுகிறது. நீ சிரிப்பாய். ஆனால் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, யாராவது வந்து தட்டுவார்களா என்று அந்த மனிதர் கதவருகே நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

முதல் பரிசு என்றால் ஒரு கொரியத் தொடருக்குத்தான் கொடுப்பேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து சூப்புக் கடை நடத்துகிறார்கள், சண்டை வருகிறது, தம்பி வேறு ஊருக்குப் போய்விடுகிறான். அதில் தெலுங்குப் பேச்சும் கிடையாது, தெலுங்கு எழுத்தும் கிடையாது, கீழே தமிழ் எழுத்து மட்டும் ஓடும். உன் அண்ணி படிப்பாள், நான் கேட்பேன். பவர்லூம் சத்தத்தில் என் காது போனது உனக்குத் தெரியும், ஆகவே கத்திப் படிப்பாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பன் ஒரு காட்சிகூடப் பார்க்காமல் சுவர் வழியாகவே முழுக்கதையும் கேட்டிருக்கிறான். ஒருநாள் நாங்கள் டிவி போடவில்லை என்றதும், “இன்னாண்ணா, இன்னிக்கித் தம்பி பேசவே இல்லியே, உடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று வந்து நின்றான். அந்தத் தம்பி அவ்வளவு தங்கமான பையன். தனியாக இருக்கும்போதெல்லாம், “அண்ணன் துன்னாரா? பிரஷர் மாத்திரை போட்டாரா? முட்டி வலி எப்டி கீது?” என்று கேட்பான். கொரியாவிலும் முட்டி வலி இருக்கிறதே என்று நான் உருகிப்போவேன். ஒருநாள், “எம் பொண்ணுக்குப் பையன் பொறந்துகீறான். அண்ணன் வந்து ஒரு தபா பாத்தாருன்னா போதும்” என்றான். எனக்கே சந்தேகம் வந்தது. திரையில் நிற்பவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, கல்யாணமும் ஆகவில்லை.

“இவனுக்கு ஏதுடி பேரன்?” என்று கேட்டேன்.

“கொரியாவுல அப்டித்தான், சும்மா பாரு” என்றாள்.

சும்மா பார்த்தேன். பார்த்து அழுதேன், எழுதுவதற்கென்ன வெட்கம். அந்த அண்ணன்காரனைக் கண்டபடி திட்டவும் செய்தேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குப் போன உன் அண்ணி அங்கே தாய்வீட்டில் சில வாரம் தங்கிவிட்டாள். தம்பியின் பேச்சு இல்லாமல் எனக்குச் சாயங்காலம் நகரவில்லை. ஒரு தமிழ் அரிச்சுவடி வாங்கி வந்து உட்கார்ந்தேன். தெலுங்கில் நாலு எழுத்து இருக்கிற இடத்தில் உங்கள் தமிழில் ஒரே ஒரு க. காகத்துக்கும் அதேதான், காந்திக்கும் அதேதான், எப்படி உச்சரிப்பது என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும், இதெல்லாம் ஒரு ஏற்பாடா? ஆனாலும் விடவில்லை. பழைய எபிசோடுகளை நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படித்தேன். அண்ணன் துன்னாரா என்று கேட்ட இடத்தில் ‘வெங்காயம் நறுக்கியாச்சா’ என்று இருந்தது. பேரன் பிறந்த இடத்தில் ‘வாடகைக்கு அறை கிடைத்துவிட்டது’ என்று இருந்தது. என் வாசிப்புத்தான் தப்போ என்று அரிச்சுவடியை மறுபடி புரட்டினேன். தப்பில்லை. அந்தப் பயல் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் அண்ணி ஊரிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: “உந்தம்பி பேரை இந்த வூட்ல எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? நான் எடுத்தேனா? தம்பி போன்ல கேட்டதைக் கொரியாக்காரன் தலையில போட்டேன். நீயும் அழுதுகினே கேட்டுக்கினு இருந்த. நான் இன்னா கெட்ட வார்த்தையா சொன்னேன்?”

பிரமிளாவுக்குப் பிள்ளை பிறந்ததைச் சூப்புக் கடைக்காரன் சொல்லித் தெரிந்துகொண்ட பெரியப்பன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தேன் முனி. முன்பின் தெரியாத ஒருத்தன், புரியாத பாஷையில், மேக்கப் போட்டுக்கொண்டு கேட்டால் என் மனசு இளகுகிறது. அதையே நீ ரேணிகுண்டா தாண்டி வந்து கேட்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். கொரியாக்காரன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அதனால் அவன் சொன்னது காதில் விழுந்தது. இது என்ன புத்தி என்று எனக்கே விளங்கவில்லை. சினிமா பார்த்து அழுகிறவர்களெல்லாம் இப்படி யாருக்காகவோ வைத்திருந்ததைத்தான் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்களோ என்னவோ.

ஒரு விஷயம். ‘தம்பி நல்லவன், அண்ணன்தான் முரட்டுக் கழுதை’ என்று நான் சொன்னதை உன் அண்ணி உனக்கு ஒப்பித்திருப்பாள். அது கொரியாக்காரனைச் சொன்னது.

உன் மனைவி ஸ்ரீதேவிக்கும் பிரமிளாவுக்கும் புதிதாக வந்திருக்கிற சின்னவனுக்கும் என் ஆசிகள். இதைச் சமாதானம் என்று எண்ணிப் புறப்பட்டு வந்துவிடாதே. பத்திரிகை விவகாரம் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆதிநாராயணன்

பின்குறிப்பு: புறப்பட்டு வராதே என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. கடைசி எபிசோடை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்களா, இல்லையா, தெரியாது. உன் அண்ணி இனிமேல் படிக்க மாட்டாளாம், கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பிரமிளாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. என் பக்கத்தில் உட்கார்ந்து நீ படி. கீழே என்ன எழுதியிருந்தாலும் சரி, நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.