ஆயிரத்தெட்டில் இரண்டு பேர்

எனக்கு வயது பதினொன்று. இருபது வருடத்துக்கு மேலாகப் பதினொன்றுதான். பிறந்தநாள் கேக்கில் என் மனைவி பதினொரு மெழுகுவர்த்திக்கு மேல் ஒன்றுகூட வைப்பதில்லை. கேட்பவர்களிடம் காரணத்தைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். காரணம் முழுவதும் தெரிந்தால் சிரிப்பார்களா என்பது சந்தேகம்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து நெற்றியில் சந்தனத்தோடும் மண்டையில் கர்வத்தோடும் போய்வருவேன். நாங்கள் சொந்தமாக ஒரு டேட்டாபேஸ் செய்துகொண்டிருந்தோம். (உலகத்தில் ஏற்கெனவே நிறைய இருந்தன. அதை யாரும் எங்கள் மேனேஜரிடம் சொல்லவில்லை.)

ஒரு டேட்டாபேஸ் முதன்முதலாகக் கண் விழிக்கும்போது, தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று எழுதிவைக்கும் அட்டவணைகளைத்தான் முதலில் உண்டாக்கிக்கொள்ளும். கேட்டலாக் என்போம். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் வேண்டும். பிற்பாடு அந்த எண்களை டேட்டாபேஸே கொடுத்துவிடும். ஆனால் அந்த முதல் நிமிடத்தில் எண் கொடுக்கிறவனே இன்னும் பிறந்திருக்க மாட்டான். ஒரே எண் இரண்டு பேருக்குப் போய்விட்டதா என்று பார்க்கிற காவல்காரனும் வேலைக்கு வந்திருக்க மாட்டான். அதனால் அந்த எண்களை நாங்களே கையால் போடுவோம்.

இதற்காக எங்கள் டீம் லீடர் லீலா சேச்சி, பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு நீல நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அடுத்த காலி எண்ணுக்கு நேரே பெயரை எழுதிவிட்டுத்தான் அந்த எண்ணைத் தொட வேண்டும். இன்ஜினியரிங் படித்துவிட்டு ரேஷன் கடை மாதிரி நோட்டில் பெயர் எழுதுவதா என்று எனக்கு ஒரு இளக்காரம்.

பாபு சார் என்ற அரசு அதிகாரியும் அவருடைய ஆட்களும் எங்கள் சரக்கைப் பார்க்க வந்த அன்று காலையில், நான் எழுதிய ஒரு ஃபங்ஷனையும், அதாவது ஒரு குட்டி நிரலையும், உள்ளே நுழைத்தேன். ஊழியரின் பதிவைக் கொடுத்தால் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும். யாரும் கேட்காத வேலை. ஃபங்ஷனுக்கும் கேட்டலாக்கில் ஓர் எண் வேண்டுமே? அக்கிரகாரத்துக்காரனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது, ஆயிரத்தெட்டு என்று போட்டேன். நல்ல எண். நோட்டுப் பக்கம் போகவே இல்லை.

ஆயிரத்தெட்டு ஏற்கெனவே செல்வராஜுடையது. அவன் அதை மங்கலம் பார்த்து எடுக்கவில்லை. ஆயிரத்தேழுக்கு அடுத்தது என்பதால் எடுத்து, நோட்டில் பெயரும் எழுதியிருந்தான். செல்வராஜ் விதுராவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருபவன். அப்பாவும் அம்மாவும் போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். என்னைப் போலவே அவனுக்கும் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் அவன் வீட்டில் உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் அவன்தான். அவன் எழுதிய ஃபங்ஷன், அதே பதிவைப் பார்த்து வயதைக் கணக்கிடும்.

வந்தவர்களின் பதிவுகளையே உள்ளே போட்டுவைத்திருந்த மேனேஜர் பெருமையாக ஒரு பட்டனை அழுத்தினார். ஓய்வு பெற ஒரே வருடம் பாக்கியிருந்த பாபு சாருக்கு வயது நான்கு என்று திரையில் வந்தது. பின்னால் ஃபைல் கட்டோடு நின்றிருந்த அவருடைய பியூன் ராதாகிருஷ்ணனுக்குப் பதின்மூன்று. பாபு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அப்போ எனிக்கு இனி அங்கணவாடியில் சேராம், அல்லே?" இனிமேல் பால்வாடியில் சேர்ந்துகொள்ளலாம் என்கிறார்.

ஆங்கிலத்தில் பாபு நான்கு எழுத்து. ராதாகிருஷ்ணன் பதின்மூன்று. அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது: ஆயிரத்தெட்டைக் கூப்பிட்டால் செல்வராஜுடையதற்குப் பதில் என்னுடையது ஓடியிருக்கிறது. வயது போடும் வேலை யாருடையது என்று மேனேஜர் கேட்டார். செல்வராஜ் கையைத் தூக்கினான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர்கள் போனதும் மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் காய்ச்சி எடுத்தார். இரண்டு நாளில் தப்பைக் கண்டுபிடிக்காவிட்டால் வேலை நிரந்தரமாவதை மறந்துவிடலாம் என்றார். செல்வராஜ் தன் ஃபங்ஷனைத் தாளில் அச்சடித்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக அடிக்கோடிட்டுத் தேடினான். தப்பே இல்லாத இடத்தில் தப்பைத் தேடினான். மறுநாள் மத்தியானம் என்னிடமே கொண்டுவந்து, ஒரு தடவை பார்த்துச் சொல்லேன் என்று கேட்டான். நான் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது.

சாயங்காலம் பயம் தாங்காமல் பழவங்காடி பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு, 'பிள்ளையாரப்பா, இது யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்' என்று மனதார வேண்டினேன். (அவரிடம் இதைவிடக் கேவலமாக யாராவது கேட்டிருப்பார்களா, தெரியவில்லை.) தேங்காய் உடைக்கும் தொட்டியில் ஓங்கி எறிந்தேன். உடையவில்லை. தொட்டி விளிம்பில் பட்டுத் துள்ளி, உருண்டு, ஒருவன் காலடியில் போய் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் செல்வராஜ். அவன் கையிலும் ஒரு தேங்காய்.

"தப்பு கிட்டணும்னு நேர்ந்துட்டு வந்தேன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. "சுப்பு, நீயும் எனக்கு வேண்டியா வந்தே?"

"ஆமா" என்றேன்.

அவன் தன் தேங்காயை உடைத்தான். பிறகு குனிந்து என்னுடையதையும் எடுத்து ஒரே வீச்சில் சிதறடித்தான். அவனுக்கு எதிரான வேண்டுதலை அவன் கையாலேயே.

மறுநாள் காலை லீலா சேச்சி கேட்டலாக் முழுவதையும் எண் வரிசையில் அச்சடித்தார். ஆயிரத்தெட்டு இரண்டு தடவை இருந்தது. நோட்டை எடுத்தார். அதில் செல்வராஜின் பெயர், நல்ல கையெழுத்தில். சேச்சி சத்தம் போடவில்லை.

"ரெண்டாமத்தெ ஆயிரத்தி எட்டு ஆருடெயா?"

நான் எழுந்து நின்றேன். தைரியத்தால் அல்ல. அந்த நோட்டில் ஒரு பக்கத்திலும் பெயர் இல்லாதவன் நான் ஒருவன்தான், எப்படியும் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள். முந்தாநாளே ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதான் சேச்சி கேட்டார்.

செல்வராஜுக்கு அந்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று. எனக்கு ஆறு மாதம் தள்ளிப்போனது, அது நியாயம்தான். அவன் என்னோடு பேசவே மாட்டான் என்று நினைத்தேன். கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எழுத்து எண்ணும் என் ஃபங்ஷனில் என் முழுப் பெயரைப் போட்டுப் பார்த்தானாம், பதினொன்று வந்ததாம். "பதினொரு வயசுப் பிள்ளை, பயந்து பேடிச்சுப் போச்சு. விடு" என்றான்.

இன்றும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையை அவன்தான் சொல்வான். பாபு சாரின் அங்கணவாடி வரும்போது என் பெண் விழுந்து விழுந்து சிரிப்பாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தப்பு பண்ணினான், சரிதான். ஆனா மனசு கேக்காம எனக்கு வேண்டிப் பழவங்காடியில் தேங்காய் ஒடைக்க வந்தான் பாரு" என்று முடிப்பான். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். நான் எழுந்து காபி கொண்டுவரப் போய்விடுவேன்.

நான் எழுதுவதையெல்லாம் அவன் தேடிப் பிடித்துப் படிக்கிறவன். இதையும் படிப்பான். செல்வா, அந்தத் தேங்காய் உனக்காக இல்லை.