சனிக்கிழமை மலாய் வகுப்புக்கு மானியம் கேட்ட கதை

செடெனாக்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் அய்யாவு அவர்களுக்கு,

செல்லப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், இடது கணுக்காலைத் தவிர. அங்கு தாங்களும் அக்காவும் நலமாகவும், கோத்தா திங்கி ஆறு கரை மீறாமல் அதன் இடத்திலும் இருப்பதாக நம்புகிறேன். பேரனைப் பார்த்துக்கொள்ளச் சிங்கப்பூர் போயிருக்கும் தங்கள் தங்கை பிரேமலாவும் நலம். மூன்று மாதம் என்று போனவள், இது இரண்டாவது வருடம். பாட்டியை விடமாட்டேன் என்று பேரன் காலைக் கட்டிக்கொள்கிறானாம். எனக்கு அந்த யோசனை அப்போது வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். "தனியா ஏன் கெடக்கிறீங்க மாப்பிள்ள, இங்க வந்து பின்னறையில இருங்க" என்று தாங்கள் கூப்பிடும்போதெல்லாம், எனக்கு வகுப்பு இருக்கிறது என்று தட்டிக் கழித்து வந்தேன் அல்லவா? நேற்றோடு அந்தச் சாக்கு போய்விட்டது. தயவு செய்து பின்னறையைக் காலி செய்து வையுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி இரண்டு வரிசை வீடுகளில் தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளப் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். கிளினிக்கில் எப்படிப் பேசுவது, சம்பளச் சீட்டை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சனிக்கிழமைதோறும் அவர்களுக்கு என் வீட்டு முன்கூரையின் கீழ் மலாய் சொல்லிக் கொடுத்து வந்தேன். நாற்காலிகள் கோயிலில் இரவல் வாங்கியவை; திருவிழா வருகிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டார்கள். கூரை ஒழுகுகிறது. சரி, வகுப்பை மூட வேண்டியதுதான் என்று இருந்தபோதுதான், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் இடங்களில் துணை நிற்கும் சமூகக் குழுக்களுக்கு நகராண்மைக் கழகம் மானியம் தருவதாக அறிவிப்பு வந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் மனு எழுதினேன். நாங்கள் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் திக்குத் தெரியாமல் நிற்பார்கள் என்று அதில் குறிப்பிட்டேன். தலைவர் வேலு இன்னும் கொஞ்சம் கண்ணீர் சேர்க்கச் சொன்னார், அதையும் சேர்த்தேன். கிடைத்தால் வகுப்பு, கிடைக்காவிட்டால் கோத்தா திங்கி என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு அதிகாரி நேரில் வருவதாக முன்கூட்டியே கடிதம் வந்திருந்தது. அதிகாரி என்றால் கோத்தோங் ரோயோங் வைத்து எல்லாரும் சேர்ந்து தெருவைக் கூட்டி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு நாலு வார்த்தை பேசி, மீ கோரெங் நூடுல்ஸ் கிளறிக் கொடுத்து அனுப்புவதுதானே நம் வழக்கம்? அப்படியே ஏற்பாடு செய்து எல்லாரையும் ஏழு மணிக்கு வரச் சொன்னேன். அங்கேதான் தவறு செய்தேன். நம் ஆட்களுக்கு ஏழு என்றால் ஒன்பதரை. ஆனால் ஷிப்டுக்குப் போய்ப் பழகிய பிள்ளைகளுக்கு ஏழு என்றால் ஆறு ஐம்பது. வந்தார்கள், ஏழரைக்குள் கால்வாய் முதற்கொண்டு துடைத்து வைத்தார்கள், சும்மா இருக்கப் பிடிக்காமல் அவர்களில் ரஃபீக் என்பவன் என் கூரையில் ஏறி ஓட்டையை அடைக்க ஆரம்பித்தான், பகதூர் என் அடுப்படியில் மீ கிளறப் போனான். நான் மட்டும் ஸ்டூலில் ஏறிப் பதாகை கட்டப் போய்க் கீழே விழுந்தேன். பகதூர் ஓடி வந்து என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சொன்னபடி எட்டு மணிக்கு அதிகாரி உள்ளே வந்தார். ஷைமா என்று பெயர், நம் தமிழ்ப் பெண்பிள்ளை.

காலை மடியிலிருந்து எடுக்காமலே, "இவங்களுக்கு எல்லாமே நாங்கதாம்மா" என்றேன். அந்த நேரம் பார்த்து ரஃபீக் கூரையிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்றான். பிறகு அதிகாரியைப் பார்த்து, "வாங்கக்கா, சாப்பிட்டுட்டுப் போலாம் லா" என்றான்.

"அங்கிள், மலாய் வகுப்புன்னுதானே மனுப் பாரத்துல எழுதியிருக்கீங்க?" என்றார் ஷைமா.

மச்சான், நான் மலாய்தான் கற்பித்தேன். ஆனால் அதைத் தமிழில் விளக்கினேன். விளக்கத்துக்கு உதாரணமாகத் தாமான் கதை சொன்னேன், கதை நன்றாக இருக்கிறது என்று மேலும் கேட்டார்கள், இப்படியே ஒன்றரை வருடம் ஓடியதில் பன்னிரண்டு பேரும் என்னைப் போலவே தமிழ் பேசுகிறார்கள். ஷைமா விடவில்லை. ரஃபீக்கிடம் மலாயில் நாலு கேள்வி கேட்டார். அவன் தங்கு தடையில்லாமல் பதில் சொன்னான். ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறானாம், அவன் மலாய் என்னுடையதைவிட நல்ல மலாய்.

"அப்பறம் ஏன் வகுப்புக்கு வர்றீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"சார் தனியா இருக்காருக்கா. நாங்க வந்தாத்தான் சமைப்பாரு. இல்லேன்னா ரெண்டு பிஸ்கட்ட தின்னுட்டுப் படுத்துருவாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒன்பதரைக்கு வேலு மாலையோடு வந்து, நாங்கள் இல்லாவிட்டால் இவர்கள் கதி என்ன என்று நாலு பக்க உரையைத் தொடங்கினார். அப்போது நாலு பிள்ளைகள், வழியில் நின்றுபோன அவருடைய காரைத் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஷைமா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இரண்டு தட்டு மீ சாப்பிட்டுவிட்டுப் போனார். இனி மானியம் கிடைக்காது, அதில்கூட எனக்கு வருத்தமில்லை. ஒன்றரை வருடமாக நான் வாத்தியார் என்று நினைத்திருந்தேன் மச்சான், அதுதான் வலிக்கிறது. பெட்டியில் பாதி துணி எடுத்து வைத்துவிட்டேன்.

அக்காவுக்கும் கோழிகளுக்கும் என் அன்பு. தங்கள் முழங்கால் வலி குறைய முருகனை வேண்டிக்கொள்கிறேன். இனி ஒரே வீட்டில் இரண்டு நொண்டிகள் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
செல்லப்பன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. தபாலில் போடச் சொல்லி ரஃபீக்கிடம் கொடுத்தேன். பெட்டி கட்டியதைப் பார்த்தவன், உறையில் கோத்தா திங்கி என்ற முகவரியையும் படித்துவிட்டுக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டானாம். இன்று காலைதான் தந்தான், மானியம் கிடைத்த செய்தியோடு. ஷைமா பிள்ளைகளிடம் சொல்லி மனுவைக் கொஞ்சம் மாற்றி எழுத வைத்திருக்கிறார். துணை நிற்பவர்கள்: ரஃபீக் முதலான பன்னிரண்டு பேர். துணை பெறுபவர்கள்: தாமானில் தனித்து வாழும் மூத்தோர். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது வேலு, அவர் மனைவி வீட்டில்தான் இருக்கிறார், இருந்தும் அந்த அம்மாளே முன்வந்து பெயரைச் சேர்த்துவிட்டார். பெட்டியைப் பிரித்துவிட்டேன். பின்னறையில் வழக்கம்போலத் தேங்காயையே போட்டுக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை இரவு தாங்களும் அக்காவும் சாப்பிட வரவேண்டும். ஏழு மணிக்கு. இது ரஃபீக்கின் ஏழு மணி, நம்முடையது அல்ல.