ஒரிஜினல் யாருன்னு தெரியலீங்க

முருகனிடமே சாம்பிள் கேட்ட பக்தர் உலகத்தில் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் முதலாளி. "மொதல்ல சின்னதா ஒண்ணு நடத்திக் காட்டு சாமி, அப்புறம் பெரிய வேண்டுதலைச் சொல்றேன்" என்று பழநி சன்னிதியில் சத்தமாகப் பேரம் பேசினார். அர்ச்சகர் கையிலிருந்த தட்டு நழுவியதை நான் பார்த்தேன்.

பனியன் கம்பெனிக்காரர். சாம்பிள் பார்க்காமல் எதற்கும் சரி சொல்ல மாட்டார். சலூனில்கூட ஒரு பக்க மீசையைத் திருத்தி, கண்ணாடியில் பார்த்து, 'அப்ரூவ்ட்' என்ற பிறகுதான் மறுபக்கம். ஒருநாள் நடுவில் போன் வரவே, அரை மீசையோடு பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போய்விட்டார். திருப்பூர் காதர்பேட்டை முழுக்க அவருக்குச் 'சாம்பிளண்ணன்' என்றுதான் பேர். அவருக்காக வெளிநாட்டுக்கு மெயில் எழுதும் மெர்ச்சண்டைசர் நான்.

துணிக் கண்காட்சிக்குக் கொரியா போய்விட்டு வந்தவர், ஆள் வெளிறிப் போயிருந்தார். செல்போனை நீட்டினார். அதில் கொரியப் பெண்கள் வட்டமாகச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு, இது நம்ம கும்மி. டிசைனை அடிச்சுட்டாங்க."

நாம் கை தட்டுகிறோம், அவர்கள் கை கோத்திருக்கிறார்களே என்றேன். காப்பியடிப்பவன் அந்த ஒரு இடத்தைத்தான் மாற்றுவான் என்றார்.

கேஸ் போடப் போகிறார் என்று நினைத்தேன். மனுஷன் ஆராய்ச்சிக்கு நிதி வைத்துவிட்டார்! யாரிடமிருந்து யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களும் போய்வரும் செலவு அவருடையது. டீக்கு இரண்டாவது பிஸ்கட் எடுத்தால் முறைக்கிறவருங்க இவர்.

மின்ஜி என்ற கொரிய ஆராய்ச்சி மாணவி விண்ணப்பித்தாள். அண்ணனுக்கு வழக்கம் போல முதலில் சாம்பிள் வேண்டும். ஸ்மால், மீடியம், லார்ஜ், மூன்று சைஸிலும். நான் மானத்தை விட்டு எழுதினேன். கோவை ஏர்போர்ட்டில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள்: குட்டையாக ஒருத்தி, நடுத்தரமாக மின்ஜி, நிலைப்படிக்குக் குனிய வேண்டிய உயரத்தில் இன்னொரு அம்மா. அண்ணன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சைஸ் செட் கரெக்ட்டுங்க" என்றார்.

மற்ற இருவரும் ஊர் திரும்ப, மின்ஜி மட்டும் ஆறு மாதம் தங்கி, எங்கள் தையல் பெண்களோடு கும்மியடித்து, கொங்குத் தமிழும் கற்றுக்கொண்டாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. வேறு யாரும் பணம் தருவதாக இல்லை; அண்ணன் மனசு குளிர்ந்தால்தான் உண்டு. 'கும்மிதான் ஒரிஜினல்னு சொல்லிட்டுப் போயேன் கண்ணு' என்று எல்லாரும் கெஞ்சினோம். காணாததை எப்படி எழுதுவது என்றாள்.

ரிப்போர்ட் சொல்லும் நாள். தையல் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடினோம். அண்ணன் எழுந்து நின்றே கேட்டார்: "யாரும்மா ஒரிஜினல்?"

மின்ஜி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "தெரியலீங்க."

போச்சு, குடி முழுகிப் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியலீன்னா ஆராய்ச்சி முடியலீன்னுதானே அர்த்தம்? முடியற வரைக்கும் பணம் குடுத்துத்தானே ஆவணும்?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். ஆமாங்க என்று தலையாட்டினேன். சாம்பிள் கேட்காமல் அவர் அப்ரூவ் செய்த ஒரே ஆர்டர் அதுதான்.

மின்ஜிக்கு அப்புறம், தன் ஊர் வட்ட ஆட்டத்தையும் கும்மியோடு ஒப்பிட இந்தோனேசியாவிலிருந்து ஒருவர் வந்தார். இப்போது ஜப்பான்காரர் ஒருத்தர். எங்கள் தையல் பெண்கள் நாலு பேர் கொரியா போய் ஆடிவிட்டு வந்தாயிற்று. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கடைசி வரியையும் அண்ணன் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். 'தெரியவில்லை' என்று வந்ததும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

யாரும் எப்போதும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று நானும் பழநி முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். சாம்பிளெல்லாம் கேட்கவில்லை.