முன்வாசல் குருவி

வெர்னன் வீட்டு முன்கதவைத் திறக்க முடியவில்லை. பூட்டு நன்றாகத்தான் இருந்தது. கதவில் அலங்காரமாகத் தொங்கிய கிறிஸ்துமஸ் இலை வளையத்துக்குள் ஒரு ஃபின்ச் குருவி கூடு கட்டி நான்கு முட்டை வைத்திருந்தது.

"ஜனவரியிலயே கழட்டுன்னு சொன்னேன்ல?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரீட்டா சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரி. தெருவில் யார் வீட்டு வளையம் எத்தனை நாள் தொங்குகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. "ஏப்ரல் வந்தாச்சு. பிட்ஸ்பர்க்லயே உன் வீட்லதான் இன்னும் கிறிஸ்துமஸ்."

"என் கதவு, என் வளையம். உனக்கென்ன?"

"எனக்கென்ன? குருவிக்குத்தான் கொண்டாட்டம். இனிமே அந்தக் கூட்டைத் தொட்டா சட்டப்படி குத்தம், தெரியும்ல?"

அது அவருக்கும் தெரியும். சட்டம் இல்லாவிட்டாலும் தொட்டிருக்க மாட்டார். அந்த வளையம் மகள் மார்லா தபாலில் அனுப்பியது. பெட்டிக்குள் ஒரு வரி எழுத்துகூட இல்லை. ஆனாலும் நான்கு வருஷத்தில் அவளிடமிருந்து வந்த முதல் பொருள் அதுதான்.

நான்கு வருஷத்துக்கு முன், டிரம் அடிக்கிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றவளை, "போ! இந்த வாசப்பக்கம் வராதே!" என்று கத்தி அனுப்பிவிட்டார். கோபம் ஒரே வாரத்தில் ஆறிவிட்டது. போனை எடுத்து அதைச் சொல்லத்தான் கை வரவில்லை. தாயில்லாமல் வளர்ந்த பெண்ணிடம் அப்படிப் பேசிய வாயை நினைத்து, சாப்பிடும்போதுகூடச் சில நாள் வெட்கப்பட்டார்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். "சனிக்கிழமை மத்தியானம் வரட்டுமாப்பா?"

"வா" என்றார். கூட ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

அதனால்தான் குருவி முக்கியம். நீ அனுப்பின வளையத்தில் குடித்தனம் நடக்குது பார் என்று மகளுக்குக் காட்டிவிட்டால், மன்னிப்புக் கேட்கிற வேலையில் பாதியைக் குருவியே பார்த்துக்கொள்ளும் என்று அவர் மனக்கணக்குப் போட்டார். சனிக்கிழமை வரைக்கும் முட்டை பத்திரமாக இருக்க வேண்டும். வேறொன்றும் அவருக்கு வேண்டாம்.

முன்கதவு போனதில் நஷ்டமில்லை. அந்தத் தெருவில் வேண்டியவர்கள் எல்லாம் பின்பக்கமாக, சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள். முன்வாசல் மணியை அடிப்பவன் ஒன்று எதையாவது விற்க வந்திருப்பான், இல்லை என்றால் சொர்க்கத்துக்கு வழி காட்ட வந்திருப்பான்.

அவர்களைத் தடுக்க, "கூடு இருக்கிறது, கிட்டே வராதீர்கள்" என்று எழுதிக் கதவில் ஒட்டினார். எழுத்து சின்னதாகப் போய்விட்டது. சும்மா போகிறவர்கள்கூடப் படியேறி, மூக்கைக் கதவில் வைத்து அதைப் படித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் குருவி பதறிப் பறந்தது. வெர்னன் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். இனி மணி அடித்தால் உள்ளேயிருந்தே விரட்டுவது என்று முடிவு செய்தார்.

அடுத்தது காக்கை. இரண்டு காக்கைகள் எதிர் மரத்தில் உட்கார்ந்து முன்கதவையே பார்த்தன. அவற்றின் கவனத்தைத் திருப்ப, கொல்லைப்பக்கம் வேர்க்கடலை போட்டார். காக்கைகள் கொல்லைக்கு வந்தன. சாப்பாடு பிடித்துப்போய், மறுநாள் சுற்றம் சூழ வந்தன. நீல ஜே பறவைகளும் அணில்களும் பந்தியில் சேர்ந்துகொண்டன.

"என்னப்பா, கல்யாண வீடா?" என்றாள் ரீட்டா. "என் துணியெல்லாம் போச்சு."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க, ரீட்டா. மார்லா வரா."

ரீட்டா கேலியை நிறுத்தினாள். "நிஜமாவா? அப்ப அவ வர்ற வழியில இந்தக் கும்பல் வேணாம். ஒரு ஆந்தை பொம்மை வாங்கி வையி. பயந்து ஓடிடும்."

ஒரு பெரிய பிளாஸ்டிக் ஆந்தையை வாங்கிப் பின்கதவுக்கு மேலே நிறுத்தினார். ஆந்தையைக் கண்டால் காக்கை ஓடாது, ஊரைக் கூட்டும் என்பது ரீட்டாவுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துக் காக்கை அத்தனையும் கூரையில் இறங்கி ஆந்தையைத் திட்டிக்கொண்டிருந்தன. அதைக் கழற்றலாம் என்று ஏணி வைத்தவரின் தலையிலும் ஒரு கொத்து விழுந்தது.

போகட்டும் என்று விட்டுவிட்டார். சவரம் செய்து, தலையில் மருந்து தடவி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்தார். மார்லாவுக்குப் பிடித்த வால்நட் ரோலை அடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். ஓரம் கொஞ்சம் தீய்ந்திருந்தது. நாற்காலியைப் பின்கதவைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்து, "நான் அன்னிக்குப் பேசினது தப்பும்மா" என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஆறாவது தடவை குரல் நடுங்காமல் வந்தது.

அப்போது முன்வாசல் மணி அடித்தது.

கூரை மாற்றித் தருகிறேன் என்று அந்த வாரம் இரண்டு முறை வந்த ஆளாகத்தான் இருக்கும். மணிச் சத்தத்துக்கே குருவி பறந்திருக்கும். முட்டை ஆறிப்போனால் என்ன ஆவது? எழுந்து போன நேரத்தில் மார்லா இந்தப் பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வது? உட்கார்ந்த இடத்திலிருந்தே அடித்தொண்டையில் கத்தினார்.

"போ! இந்த வாசப்பக்கம் வராதே! எத்தனை தடவைதான் சொல்றது!"

கதவுச் சட்டத்தில் மெதுவாக ஒரு தட்டல் கேட்டது.

"போன்னா போயிடணும்!"

படியில் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. சற்றுப் பொறுத்து, கூடத்துக்குப் பூனை மாதிரி நடந்து போய்க் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். குருவி திரும்பி வந்து முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு வாரப் பாடு வீண் போகவில்லை என்ற திருப்தியோடு நாற்காலிக்குத் திரும்பினார்.

காபி ஆறியது. சூடு பண்ணினார். அதுவும் ஆறியது. தொண்டை வறண்ட காக்கைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போன பிறகு பின்கதவு திறந்தது. அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

ரீட்டா.

"என்னப்பா, அதுக்குள்ள அவளை அனுப்பிட்டே? கைக்குழந்தையோட வந்தவளைச் சாப்பிடக்கூடச் சொல்லலையா?"

"யாரை?"

"மார்லாவைத்தான்."

"எங்க வந்தா? காலையிலேருந்து இந்தக் கதவைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

ரீட்டா மேஜையில் வெட்டாமல் இருந்த வால்நட் ரோலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"பின்பக்கம் போம்மான்னு நானும் சொன்னேன்ப்பா; 'அது வீட்டு மனுஷங்க வர்ற வழி ஆன்ட்டி, அப்பா மொதல்ல வான்னு சொல்லட்டும்'னு சொல்லிட்டு, முன்வாசல்ல போய் மணி அடிச்சா."