கான்கிரீட் அத்தானும் பன்றி டாக்டரும்

பொறுமை இல்லாதவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால், தப்பை வேகமாகச் செய்வான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவன். காட்டாக்கடையில் ரப்பர் ஷீட் சுமந்தேன். பெங்களூரில் ஒரு அச்சகத்தில் தரையில் படுத்துக் கம்ப்யூட்டர் கற்றேன். (அங்கே இரண்டு வேளை சாப்பாடு, மூன்றாவது வேளைக்குத் தூக்கம்.) அதையும் விட்டுவிட்டு, பாறசாலையில் அக்கா வீட்டில் வந்து ஒதுங்கினேன்.

அக்கா கணவர் டி. சத்யதாஸ், பொறியியல் கல்லூரியில் கான்கிரீட் பற்றிப் பாடம் எடுப்பவர். பதவி உயர்வுக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு தனி எண் உண்டு. கட்டுரையில் பெயருக்குப் பக்கத்தில் அந்த இணைப்பு இருந்தால், தட்டியதும் அவர் எழுதியதெல்லாம் வரிசையாக வரும். அது இல்லாத கட்டுரைகளை வாங்க மாட்டார்களாம்.

“மக்கா, எனக்க கட்டுரை எல்லாத்திலயும் அதைப் போட்டுத் தா. இந்தத் தடவை விட்டா பின்ன ரிட்டயர் ஆகும்போ ஆக்கும்” என்றார் அத்தான்.

“ஒவ்வொண்ணாப் போட ஒரு வாரம் ஆவும் அத்தான். கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தா அதுவே போட்டுரும்.”

“அதை எழுதிட்டு அப்படியே மெட்ராசுக்கு வண்டி ஏறிராதே” என்றாள் அக்கா. என்னை அறிந்தவள்.

அத்தானின் எண்ணைக் கேட்டிருக்கலாம். அவர் குளித்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவைத் தட்டக்கூட எனக்குப் பொறுமையில்லை. பெயரைத் தேடு, முதலில் வருகிறவரின் இணைப்பை எடு, எல்லாக் கட்டுரையிலும் ஒட்டு என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லிவிட்டேன். அவர் தலை துவட்டி வருவதற்குள் வேலை முடிந்தது. ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். மேலே ‘டி. சத்யதாஸ்’ என்று இருந்தது. கீழே பார்க்காமல் மூடினேன்.

எங்கள் பக்கம் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். அத்தானின் தாத்தா சத்யதாஸுக்கு டேனியல், தேவதாஸ் என்று இரண்டு மகன்கள். இரண்டு பேருக்கும் மூத்த பையன் சத்யதாஸ். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பேரன்களுக்கும் இனிஷியல் டி. இரண்டாவது சத்யதாஸ் ஆரியங்கோட்டில் கால்நடை மருத்துவர். பன்றிகளின் குடற்புழுவைப் பற்றி ஏராளமாக எழுதியவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான்.

நேர்முகத் தேர்வு நடத்தியவர்களில் ஒருவர் இணைப்பைத் தட்டியிருக்கிறார். திரை நிறையப் பன்றி.

“சாரே, இந்த கான்கிரீட் பன்னிக்கூட்டினாணோ?” என்று மலையாளத்தில் கேட்டாராம், பன்றிக்கூடு கட்டவா என்று. அறையே சிரித்திருக்கிறது.

அத்தான் வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எலே, எனக்க பேருக்குப் பக்கத்துல என்னத்தலே ஒட்டி வச்ச?”

“உங்க சித்தப்பா மகன்தான அத்தான்... அந்நியமா?”

(அதைச் சொல்லியிருக்கக் கூடாது.)

திருத்திக் கொடுக்க நல்லவேளையாக அவகாசம் தந்தார்கள். அக்கா என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு இணைப்பாகத் தட்டி, கான்கிரீட்டைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்ததற்கு விட்டாள். கஞ்சியும் அதன் பிறகுதான்.

அத்தானுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் கதை கல்லூரியிலிருந்து சர்ச் சபைக்குப் போய், சபையிலிருந்து ஊரெல்லாம் போய்விட்டது. முதலில் கேலிக்குப் போன் செய்தார்கள். இப்போது பன்றி டாக்டர் என்று நம்பி நிஜமாகவே செய்கிறார்கள்.

“சாரே, எனக்க பன்னி தீனி எடுக்கேல.”

அத்தான் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, “காய்ச்சல் உண்டா?” என்று விசாரிக்கிறார்.