நானே வெட்டிய பலகை

முடிவு செய்துவிட்டேன். என் லேசர் வெட்டும் மெஷின் இந்த வீட்டை விட்டுப் போகாது. போனால் என்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் வாங்கியது. மரப்பலகையைக் காகிதம்போல் வெட்டும். கொஞ்சம் புகை வரும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டே முறைதான் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க, மாசக் கடைசிக்குள்ள அது ரூமை விட்டுப் போகணும். பீரோவுல இருக்கிற துணியெல்லாம் அடுப்புல வச்ச மாதிரி நாறுது."

"போகாது."

"பாப்போம்."

அவள் 'பாப்போம்' என்றால் ஆபத்து. முந்திக்கொண்டேன். பேத்தியின் பள்ளியில் நூலகத்துக்கு நிதி திரட்டுகிறார்கள். தலைமையாசிரியையைப் பார்த்தேன். கீ செயின், பெயர்ப்பலகை எல்லாம் வெட்டித் தருகிறேன், விற்றுக்கொள்ளுங்கள் என்றேன். ஒரே நிபந்தனை: என் மனைவியிடம் நீங்களே வந்து கேட்க வேண்டும்.

வந்தார். கேட்டார்.

"பிள்ளைங்க படிப்புன்னா நான் தடுப்பேனா டீச்சர்?" என்றாள் மனைவி.

வழியனுப்ப வாசல்வரை போனாள். கால் மணி நேரம் குசுகுசு. நான் கண்டுகொள்ளவில்லை. ஜெயித்தவனுக்கு என்ன கவலை?

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கம்ப்யூட்டரில் எழுத்து அமைப்பது அவள். வெட்டுவது நான்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு வெட்டுங்க."

"படிக்கிறது உன் வேலை. கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்தும் எறும்பும் ஒண்ணுதான்."

"கண்ணாடியைப் போட்டா என்னவாம்?"

"பட்டனை அழுத்தட்டுமா, வேண்டாமா?"

"அழுத்துங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

இருநூறு கீ செயின். கடைசியாக ஒரு பெரிய பலகை. சூடு ஆறுமுன் அவள் கையில் திணித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

விற்பனை நாள். கீ செயின் ஒன்றுகூட மிச்சமில்லை. மேடையில் தலைமையாசிரியை ஒரு துணியை விலக்கினார். என் பலகை!

"ஐயா, இது நீங்களே மனசாரச் செஞ்சதுதானே?"

"பின்னே? நானேதான்! ஒவ்வொரு எழுத்தும்!"

கைதட்டலில் கூரை ஆடியது. மேடை ஏறச் சொன்னார்கள். ஏறினேன். சட்டைப்பையைத் துழாவிக் கண்ணாடியை மாட்டினேன். எறும்புகள் எழுத்தாயின.

'இப்பள்ளிக்குத் தம் லேசர் இயந்திரத்தை மனமுவந்து வழங்கியவர்.' கீழே என் பெயர்.

மனைவி காதருகே வந்தாள்.

"நாளைக்குக் காலையில வண்டி வருது. ஓரம்கூடக் கருகலைங்க, என்ன சுத்தமான வேலை!"